நான்கு ராத்தல்

எங்கள் நாட்டில் ஆளைக் கல் கணக்கில் நிறுப்போம்.
கல்லுக்குப் பதினான்கு ராத்தல்.
ஆஸ்டன் மெடோ பந்தயத் திடலில்
இருபது வருடம் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான்.
ஐவர் புரோபர்ட்டின் முகத்தைவிட
அவன் எடை எனக்குப் பழக்கம்.

முதலில் வந்தது பத்தொன்பதாம் வருடப் பிப்ரவரி.
பிரான்சில் ராணுவக் கோவேறு கழுதைகளை மேய்த்துவிட்டுத்
திரும்பியிருந்தான்.
ஒன்பது கல், பதினொரு ராத்தல்.
இதில் பூட்ஸ் எவ்வளவு என்றேன்.
பசி எவ்வளவு என்று கேளுங்கள் என்றான்.

வேலி தாண்டும் குதிரைக்குக் கால் நான்கு,
விழுவதற்கு ஒன்று போதும்.
சவாரிக்கு மூன்று பவுன், ஜெயித்தால் ஐந்து.
இடது காறையெலும்பு நான்கு முறை முறிந்தது,
வலது இரண்டு முறை.
வைத்தியருக்குக் கொடுத்தது போக மீதியில்
குடும்பம் நடத்தினாள் ஆக்னஸ்.

எடை குறைய
எருக்குவியலில் கழுத்துவரை புதைந்து வேர்த்தான்.
மூன்று கம்பளிச் சட்டை மேல் ஓவர்கோட் போட்டுக்கொண்டு
மலைச்சாலையில் ஓடினான்.
ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வறுபடும் நேரம்
வீட்டைவிட்டு வெளியே போய் நிற்பான் என்று
யாரோ சொன்னார்கள். ஆக்னஸாகவே இருக்கலாம்.

இருபத்தாறு, மார்ச்.
கசாப்புக்கடை குவில்லியத்தின் குதிரை,
பெயர் 'நாளைக்குத் தருகிறேன்'.
அதற்கு விதித்த சுமை பதினொரு கல் ஏழு.
முந்தின நாள் வேறொரு பந்தயத்துக்காகப் பட்டினி கிடந்தவன்
அன்று இளைத்துப்போயிருந்தான்.
உண்ணாத ரொட்டிக்கு ஈடாகச்
சேணத்தடியில் ஈயத்தகடு ஏற்றினோம்.
நானே எண்ணிக் கொடுத்தேன்.

மூன்றேகால் மைல். மழை.
கடைசி வேலியில் முன்னால் இரண்டு பேர்,
அதைத் தாண்டியபோது ஒருவருமில்லை.
ஆறு குதிரை நீளத்தில் ஜெயித்தான்.
குவில்லியம் தொப்பியை ஆற்றில் எறிந்தார்.

சேணத்தோடு தராசில் ஏறினான்.
பதினொரு கல் மூன்று.
ஊசி ஆடி நின்றது, மறுபடி ஏறச் சொன்னேன்,
மறுபடியும் மூன்று.
எங்கோ நீர்த்தடைப் பக்கம்
வார் நெகிழ்ந்து ஒரு தகடு நழுவியிருக்க வேண்டும்.
அந்த அறையில் எண்ணைச் சொல்லும் வேலை
எனக்குத்தான்.
சொன்னேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. ஊசியைப் பார்த்தான்.
"சரியாகத்தான் காட்டுகிறது" என்றான்.
வெளியே குவில்லியம் எல்லோருக்கும்
விஸ்கி வாங்கிக்கொண்டிருந்தார், இன்னும் தெரியாமல்.

அதன்பின் அவனுக்கு நல்ல குதிரை யாரும் தரவில்லை.
முப்பத்தொன்றில் ரயில்வே மதுக்கடைக்குப் பின்னால்
ஆறு லாயம் வாடகைக்கு எடுத்துப் பயிற்சியாளனானான்.
கால் வீங்கியது, மூச்சு இரைப்பது,
கடன்காரன் ஓட்டிவந்து கட்டியது,
இப்படிப்பட்ட குதிரைகள்.
எட்டு வருடத்தில் ஒன்பது வெற்றி.
ஒவ்வொரு முறையும் தன் பையன்களின் ஈயப்பையை
வாரிடம் சத்தியம் வாங்குவதுபோல்
கட்டைவிரலால் இரண்டு தரம் அழுத்துவான்.

முப்பத்தொன்பது செப்டம்பரில் பந்தயம் நின்றது.
ஆறு லாயத்தில் நான்கு
வேட்டைநாய்க் கூடத்துக்குப் போயின, இறைச்சியாக.
அவனே கூட்டிப்போனான், கயிற்றில், ஒவ்வொன்றாக.

திடலை உழுது உருளைக்கிழங்கு போட்டார்கள்.
தராசு அங்கேயே இருந்ததால் நானும் இருந்தேன்,
மூட்டைகளுக்கு எண் சொல்லிக்கொண்டு.
நாடே பங்கீட்டு அட்டையில் மெலிந்த நாற்பத்திரண்டில்
கூலியாளாக வந்தான் புரோபர்ட்.
மூட்டையை இறக்கிவிட்டுத் தானும் ஏறி நின்றான்,
கேட்காமலே.
பதினொரு கல், ஒன்பது ராத்தல்.

"இப்போதுதான் சாப்பிட ஆரம்பித்திருக்கிறேன்" என்றான்.
பையில் அவித்த கிழங்கு இருந்தது.
ஒன்றைப் பிட்டுப் பாதி எனக்கு நீட்டினான்,
உப்பில்லாமல்.

நீர்த்தடைப் பக்கம் உழுதது அவன்தான்.
ஏதாவது கிடைத்ததா என்று
நான் கேட்கவில்லை.